நகலில் உள்ளபடி

மானாவாரி நில முன்னேற்ற வாரியத்தின் அருப்புக்கோட்டை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் கோட்டைச்சாமிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கினால் எரியும். மச்சினன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறினால் எரியும். எதிர்க்கடை முதலாளிக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டுக்கூட ஒரு வாரம் எரிந்தது. ஆனால் அதெல்லாம் சில்லறை எரிச்சல். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் அது நின்று நிதானமாக எரியத் தொடங்கியது.

காரணம் கம்ப்யூட்டர்கூட இல்லை, அதற்குப் போட்ட ஏசி. கோடையில் அந்த ஊர் தார் ரோட்டில் நடந்தால் செருப்பு ரோட்டோடு நின்றுவிடும், கால் மட்டும் வரும். தலைமை எழுத்தரான கோட்டைச்சாமியின் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டு. அது சுற்றாது. சரிசெய்து தரும்படி அவர் மேலிடத்துக்கு எழுதியபோது, ‘விசிறி இருப்பது நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தப்பட்டது’ என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட அலுவலகத்தில் ஒரு தகரப் பெட்டிக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஜன்னலுக்குத் திரை, தரைக்கு விரிப்பு, குளிரக் குளிர ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர் நாகசுப்பிரமணியன் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டும் போவார்.

அந்த அறைக்குள் ஒரே ஒரு நாற்காலி. கோட்டைச்சாமி சர்வீஸில் மூத்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததோ நேற்று வந்த இன்பராஜ். மெட்ராஸுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துக் கூட்டிவந்து, ‘கணினிப் பொறுப்பாளர்’ என்று கதவில் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார்கள். கோட்டைச்சாமி வேர்த்து வழிந்தபடி கண்ணாடி வழியே பார்ப்பார். உள்ளே இன்பராஜ் ஸ்வெட்டர் போட்டிருப்பான்.

வீட்டுக்குப் போனாலும் விட்டுவைக்கவில்லை. மனைவி சௌந்தரம் ஒருநாள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “இன்பராஜு சம்சாரத்தக் கொழாயடியில பாத்தேன். அவுக வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல குளிரு தாங்க முடியலயாம். வீட்டுக்கு வந்து செத்த நேரம் வெயில்ல நின்னாத்தான் சரியாகுதாம். நீங்களும் அதே ஆபீஸ்லதான இருக்கீக?”

ஐப்பசி மாதம் ஒருநாள் கோட்டைச்சாமி மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார். இன்பராஜு நாலு பேரு முன்னால ஒண்ணு சொன்னான். இந்த மெசினு இருக்கும்போது இந்த ஆபீஸுக்கு மேனேஜருன்னு ஒருத்தர் எதுக்குன்னு கேக்கான்.”

இன்பராஜ் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாகசுப்பிரமணியனுக்கே அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக உள்ளுக்குள் இருந்தது. ஆகவே விசாரிக்கவில்லை. நிர்வாக நலன் கருதி இன்பராஜ் நரிக்குடி துணை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டான். அது ஒரு ஓட்டுக் கட்டடம். ஒரு மேசை, ஒரு பீரோ, அவ்வளவுதான். அதே நிர்வாக நலன் கருதிக் கோட்டைச்சாமி கண்ணாடி அறைக்குள் தற்காலிகப் பொறுப்பில் உட்கார வைக்கப்பட்டார்.

போகும்போது இன்பராஜ், “அண்ணாச்சி, பேக்கப் எடுக்கிற முறைய மட்டும் ஒருதடவ காட்டிட்டுப் போறேன்” என்றான்.

“ஏலே, நீ பொறக்குமுன்னயே நான் நகல் எடுத்தவன். பஸ்ஸு போயிரப் போகுது, கெளம்பு” என்றார் கோட்டைச்சாமி.

பேக்கப் என்பது நகல்தான், அதில் சந்தேகமில்லை. கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்க வேண்டும், எப்படி யோசிக்க வேண்டும் என்கிற அதன் மூளையையும், அதற்குள் ஏற்றியிருக்கிற வாரியத்து விவரங்களையும் வாரம் ஒருமுறை டேப்பில் பிடித்துவைக்க வேண்டும். டேப் என்றால் பாட்டுக் கேசட்டை விடக் கொஞ்சம் பெரியது. அலுவலகம் தீப்பிடித்தாலும் நகல் பிழைக்க வேண்டும் என்பதற்காக டேப்புகள் பஸ்ஸில் நரிக்குடிக்குப் போய் அங்கே பீரோவில் இருக்கும். இதற்கெல்லாம் நாகசுப்பிரமணியன் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். வாரியத்தின் டேப்புகள் யாவும் எந்நேரமும் பூட்டியே வைக்கப்பட வேண்டும் என்பது அதில் முக்கியமான வாசகம்.

டேப்பின் மூலையில் ஒரு சின்னப் பூட்டு இருப்பதைக் கோட்டைச்சாமி கண்டுபிடித்தார். இன்பராஜ் இத்தனை நாளும் அதைத் திறந்தே போட்டிருந்தான். எவ்வளவு பொறுப்பற்ற பயல் என்று நினைத்தபோது அவருக்கு மனம் குளிர்ந்தது. சுற்றறிக்கைப்படி எல்லா டேப்பையும் பூட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டி டேப்பைச் சொருகுவார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வரும். கடிதத்தின் அடியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று வருமே, அதுபோல ஏதோ மரியாதைக்கு வருகிறது என்று நினைத்துப் பொத்தானை அமுக்குவார். வரி மறைந்துவிடும். டேப்பை உருவிப் பொட்டலம் கட்டி நரிக்குடி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். அங்கே இன்பராஜ் அதைக் கைகட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தனி ருசி.

ஏசி சுகத்தை அவர் தனியாக அனுபவிக்கவில்லை. ஊருக்கே தெரிகிற மாதிரி அனுபவித்தார். பங்குனி வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு பஜார் வழியாக நடந்து போனார். “என்னண்ணாச்சி, காய்ச்சலா?” என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று நின்று நின்று போவார். கேட்டால், “ஆபீஸ்ல ஒரே குளிரு” என்பார். இன்பராஜ் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை இருமுவார்.

ஏசியை அதன் கடைசி எண்ணில் திருப்பி வைத்தது வைத்தபடியே இருந்தது. வைகாசியில் ஒருநாள் அதன் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டது. வானம் பார்த்த பூமியில் அந்த வருடம் ஒழுங்காகப் பெய்த ஒரே மழை அந்த அறைக்குள், கம்ப்யூட்டரின் உச்சந்தலையில் பெய்தது. காலையில் கோட்டைச்சாமி கதவைத் திறந்தபோது பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. திரை கறுப்பாக இருந்தது.

மதுரையிலிருந்து ஆனந்தகுமார் என்ற இன்ஜினியர் வந்தார். பெட்டியைத் திறந்து துடைத்து, கெட்டுப்போனதைக் கழற்றி, புதிதாக ஒன்றை மாட்டினார்.

“மெசினு சரியாயிருச்சு சார். ஆனா மூள காலி. பேக்கப் இருந்தா இன்னைக்கே பழைய நெலமைக்குக் கொண்டாந்துரலாம்” என்றார்.

நாகசுப்பிரமணியன் கோட்டைச்சாமியைப் பார்த்தார். “அடுத்த வாரம் டைரக்டர் வாராக. அதுக்குள்ள மெசின் உயிரோட இருந்தா, உங்க தற்காலிகப் பொறுப்ப நெரந்தரமாக்கிருவேன். இல்லைன்னா அந்த நாற்காலிய மறந்துருங்க.”

நாற்காலி போனால் மப்ளரும் போகும் என்று கோட்டைச்சாமி கணக்குப் போட்டார். மறுபடி அந்தச் சுற்றாத விசிறி. கொழாயடியில் இன்பராஜ் சம்சாரம் என்னவெல்லாம் பேசுவாள்.

வேலை உடனே தொடங்கவில்லை. உடனே தொடங்கினால் அது வாரியமாகுமா. முதலில் ஒரு மீட்புக் குழு அமைக்கப்பட்டது. கம்ப்யூட்டரின் இழப்புக்கு ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் இன்னும் சாகவில்லை என்று ஆனந்தகுமார் சொன்னதால் அந்த மௌனம் ரத்து செய்யப்பட்டு, எல்லோரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

“மொதல்ல கண்ணு முழிக்க வைக்கணும் சார். அதுக்கு ஒரு பிளாப்பி குடுத்திருப்போம். கறுப்பா, சதுரமா, அட்ட மாதிரி இருக்கும். அதப் போட்டாத்தான் டேப்பையே அதுக்குப் படிக்கத் தெரியும்” என்றார் ஆனந்தகுமார்.

அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திறப்பு விழா அன்று வாரியத் தலைவர் தன் கையால் வாங்கிக் கொடுத்த பொருள் என்பதால், தேக்குச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மேனேஜர் நாற்காலிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது. தினமும் பூ உண்டு. ஆனந்தகுமார் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தார். பிளாப்பியின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டை ஆணிக்காகவே விட்டது என்று ஆசாரி நினைத்திருக்கிறார். பட்டை ஆணி ஒன்றை வைத்து நன்றாக இறக்கியிருந்தார். ஓட்டை கொஞ்சம் சிறிதாக இருந்ததால் ஓரத்தை இழைத்துவிட்டிருந்தார்.

ஆனந்தகுமார் பெஞ்சை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டார். “மதுரையிலருந்து வேற கொண்டாரேன் சார்” என்றார். அவர் வருவதற்குள் டேப்புகளை எடுத்துவரக் கோட்டைச்சாமி திருச்சுழி வழியாக நரிக்குடிக்கு பஸ் ஏறினார்.

இன்பராஜ் காய்ந்து கருவாடாகிக் கிடப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். அந்த நினைப்பில்தான் வெயிலே உறைக்கவில்லை. போய்ப் பார்த்தால், துணை அலுவலகத்தைத் தள்ளி ஒரு புளியமரம், அதன் கீழே கயிற்றுக் கட்டில், கட்டிலில் கைலியோடு இன்பராஜ். ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். வற்றிக்கொண்டிருந்த கண்மாயில் ஊரே மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் பங்கு சட்டியில் பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாலு ஆடு கட்டிக் கிடந்தது. மேனேஜரைக் காணோம், பெல் சத்தத்தைக் காணோம், காற்று மட்டும் சும்மா வந்துகொண்டே இருந்தது.

“வாங்கண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல சாப்புடுங்க” என்று அயிரையையும் கெண்டையையும் தட்டில் வைத்தான்.

“இங்க ரொம்பக் கஷ்டமோ?” என்று ஆசையாகக் கேட்டார் கோட்டைச்சாமி.

“கஷ்டந்தான்” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு இன்பராஜ் இன்னொரு மீனை எடுத்துக்கொண்டான்.

டேப்புகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிய பஸ்ஸில் கோட்டைச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. இவனைத் தண்டித்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். நாம் அங்கே பெட்டியோடு பெட்டியாக விறைத்துக்கொண்டிருக்க, இந்தப் பயல் இங்கே மீனைத் தின்றுகொண்டு படுத்திருக்கிறான். மீன் ருசியாக வேறு இருந்தது. அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் புது பிளாப்பி வந்தது. கம்ப்யூட்டர் கண் விழித்தது. ஆனந்தகுமார் டேப்பை எடுத்தபோது நாகசுப்பிரமணியன் கையைத் தடுத்தார்.

“இது நகல். வாரியத்துல அட்டெஸ்ட் ஆகாத நகல ஏத்துக்கிற வழக்கமில்ல. அசலோட ஒப்பிட்டுப் பாத்தீகளா?”

“அசல் அழிஞ்சு போச்சு சார். அதுனாலதான் நகல்.”

“அசல் இல்லாதபோது நகல் சரியான்னு எப்படிச் சொல்றது?”

கடைசியில் டேப்பின் முதுகில் ‘உண்மை நகல்’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதியபிறகு டேப் உள்ளே போனது. சக்கரம் சுற்றியது. சாயங்காலம் திரையில் வாரியத்தின் பெயர் வந்தது. நாகசுப்பிரமணியன் சூடம் கொளுத்தினார். கோட்டைச்சாமி மப்ளரை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனந்தகுமார் மட்டும் மற்ற டேப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், எல்லா டேப்புலயும் பூட்டு விழுந்திருக்கு. பூட்டுனா டேப்ப வாசிக்கத்தான் முடியும், எழுத முடியாது. ஐப்பசிக்கப்புறம் ஒரு எழுத்துகூட இதுல ஏறல. இன்பராஜு சார் கடைசியா எடுத்ததுதான் இருக்கு. மெசினு இப்ப போன ஐப்பசியில நிக்குது” என்றார்.

கோட்டைச்சாமிக்கு ஏசியிலும் வேர்த்தது.

நாகசுப்பிரமணியன் யோசித்தார். பூட்டச் சொன்னது அவருடைய சுற்றறிக்கை. சுற்றறிக்கை தவறாக இருக்க முடியாது. எனவே அவர் எழுந்து நின்று பேசினார்.

“இத நான் குறையாப் பாக்கல. பூட்டு இருந்ததாலதான் ஐப்பசிக்குப் பிறகு எந்தத் தப்பும் உள்ள நுழைய முடியல. மனுசன் மாத்தி மாத்திப் பேசுவான். மெசினு பேசாது. அது யோசிக்காது, எதுத்துக் கேக்காது, சொன்னதையே சொல்லும். ஒரு நல்ல அதிகாரிக்கு வேண்டிய லட்சணம் அத்தனையும் அதுக்கு இருக்கு. நான் இத்தன வருசம் அப்படித்தான் இருந்தேன். இன்னையிலருந்து இந்த ஆபீஸ், நகலில் உள்ளபடி நடக்கும்.”

“நடந்தது நடந்ததுதானே சார். விட்டுப்போனத மறுபடி ஏத்திக்கிட்டாப் போதும்” என்றார் ஆனந்தகுமார்.

“நடந்ததுக்கு என்ன ஆதாரம்?” என்றார் நாகசுப்பிரமணியன். ஆனந்தகுமார் பையை எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று முதல் அலுவலகம் ஐப்பசியில் நடந்தது. வெளியே வைகாசி அடித்துக்கொண்டிருந்தது. தை மாதம் மாலை போட்டு வழியனுப்பப்பட்ட வாட்ச்மேன் முனீஸ்வரனை, அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். இத்தனை மாதம் சொல்லாமல் லீவு போட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். “ரிடையராகிப் போனேன்யா” என்றார் அவர். அது ஏற்கத்தக்க காரணமாக இல்லை என்று கண்டித்து, விசிலைக் கையில் கொடுத்தார்கள்.

பரளச்சியிலிருந்து ஜக்கம்மாள் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாசி மாதம் வாரியம் கொடுத்த இரண்டு ஆட்டில் ஒன்று. கழிச்சலுக்கு மருந்து வாங்க வந்திருந்தாள்.

“உனக்கு வாரியம் ஆடே குடுக்கலயேம்மா. கம்ப்யூட்டர்ல இல்ல” என்றார் நாகசுப்பிரமணியன்.

“இந்தா நிக்கில்ல சாமி.”

“நிக்கலாம். நிக்கிறதெல்லாம் வாரியத்து ஆடு ஆயிருமா?”

ஜக்கம்மாள் ஆட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: “அப்ப எனக்கு நீங்க இன்னும் ஆடு குடுக்கலன்னு சொல்றீக.”

“ஆமா.”

“அப்பக் குடுங்க.”

விதிப்படி அவள் கேட்டது சரியாக இருந்தது. அவளுக்குப் புதிதாக இரண்டு ஆடு ஒதுக்கப்பட்டது. அவள் மூன்று ஆட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவதைக் கோட்டைச்சாமி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நமக்கு ஒரு ஆடு உண்டா என்று தோன்றியது. அவருக்கு ஆடு வளர்க்கும் எண்ணமே இல்லை, இருந்தாலும் தோன்றியது.

தன் விஷயம் வராதவரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வந்தது. நகலில் உள்ளபடி கணினிப் பொறுப்பாளர் இன்பராஜ். கோட்டைச்சாமி தலைமை எழுத்தர், இடம் விசிறிக்கு அடியில்.

“சார், நீங்கதான மாத்துனீக?” என்று கெஞ்சினார்.

“நானா? எப்ப?” என்றார் நாகசுப்பிரமணியன். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து அவரும் ஐப்பசிக்குப் போய்விட்டிருந்தார். தன்னுடைய பங்குனி மாதச் சம்பள உயர்வு மட்டும் அவருக்கு நினைவில் இருந்தது.

டைரக்டர் வந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்பராஜை நரிக்குடியிலிருந்து ஜீப் வைத்துக் கூட்டிவந்தார்கள். கோட்டைச்சாமி பழைய நாற்காலிக்கு வந்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வீட்டில் சௌந்தரம், “மப்ளரு எங்கங்க?” என்று கேட்டபோது, அவள் தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக் கத்திவிட்டார். அவள் துவைப்பதற்காகத்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இன்பராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் மேசைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

“அண்ணாச்சி, நீங்கதான் எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்தக் குளிரு எனக்கு ஒத்துக்கிடல. நாளு பூரா தும்மல். நரிக்குடியில ஆடு அனாதையா நிக்கி. கண்மாயில இன்னும் மீனு இருக்கு. என்னய எப்பிடியாவது அங்கயே அனுப்பி வச்சிருங்க.”

“நான் எப்பிடிலே அனுப்ப முடியும்?”

“அன்னைக்கு மேனேஜர்ட்ட என்னப் பத்தி ஒண்ணு சொன்னீகள்ல. அவுக இல்லாம மெசினே போதும்னு நான் பேசுனதா. ஆர்டரக் குடுக்கும்போது அவுகளே வாய்விட்டுட்டாக. எனக்குத் தெரியும், அதுல வருத்தமே இல்ல. அது எனக்கு நல்லதாத்தான் முடிஞ்சது. அவுகளுக்கு இப்ப அது மறந்துபோச்சு. அதையே இன்னொரு தடவ போய்ச் சொல்லிருங்க. நான் நரிக்குடி போயிருவேன், நீங்க உள்ள வந்து உக்காந்துருவீக. ரெண்டு பேருக்கும் நல்லது.”

கோட்டைச்சாமி எழுந்தார். ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் போதும், கண்ணாடி அறை, நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் திரும்ப வந்துவிடும். மேனேஜர் அறையை நோக்கி நடந்தார். நடக்கும்போதே மனதுக்குள் வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவில் கை வைத்தபோது, அவருக்குப் புளியமரத்து நிழல் தெரிந்தது. கயிற்றுக் கட்டில் தெரிந்தது. இன்பராஜ் இரண்டாவது மீனை எடுத்துக்கொண்டது தெரிந்தது. நாம் வாயைத் திறந்தால் இந்தப் பயல் நாளைக்கு மத்தியானம் அங்கே இருப்பான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“என்ன கோட்டைச்சாமி?”

“இன்பராஜப் பத்தி ஒண்ணு சொல்லணும் சார்.”

“சொல்லுங்க.”

“அவன மாதிரி ஒரு வேலக்காரன இந்த ஜில்லாவுலயே பாக்க முடியாது சார். அந்த மெசினு உயிரோட இருக்குன்னா அவன் எடுத்துவச்ச நகலாலதான். நாளைக்கே அவன் வந்து டிரான்ஸ்பர் வேணும், ஒடம்புக்கு ஆகலன்னு எது சொன்னாலும் கேட்டுறாதீக. ரிடையராகிற வரைக்கும் அவன அந்த ரூம விட்டு நகத்தக் கூடாது.”

இத்தனை வருட சர்வீஸில் கோட்டைச்சாமி அந்த அறையில் சொன்ன முதல் உண்மை அதுதான். நாகசுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க எடத்துல வேற ஒருத்தர் இருந்தா இந்நேரம் கோள் சொல்லியிருப்பாரு. பொறாமைன்னா என்னன்னே தெரியாத மனுசன் நீங்க. இத இன்னைக்கே கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்றேன்.”

அதை ஏற்ற வேண்டியவன் இன்பராஜ். கோட்டைச்சாமி வெளியே வந்து, சுற்றாத விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்பராஜ் புருவத்தை உயர்த்தி, என்னாச்சு என்று கேட்டான். கோட்டைச்சாமி ரொம்ப வருத்தத்தோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இன்பராஜ் தும்மினான். கோட்டைச்சாமியின் முதுகில் வேர்வை ஓடியது. அவருக்கு அன்று வெயிலே தெரியவில்லை.